வேப் பேட்டரி: என் கடைக் கவுன்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் செல்போன் பழுதுபார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். நாகர்கோவிலிலிருந்து வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. போனைக் கொடுக்க வருகிறவர்களில் நிறையப் பேர், போகிற போக்கில் பாக்கெட்டிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக் கவுன்டரில் வைப்பார்கள். "அண்ணே, இதையும் கொஞ்சம் பாருங்க, சூடாகுது." எடுத்து வைப்பது வேப், அதாவது மின்சிகரெட்.

வேப் பிடிக்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. கேட்டால், பிடிக்காதவர் தொடங்க வேண்டாம் என்பேன். பிடிக்கிறவர் தொடையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது என்பது இன்னொரு காரணம்.

வேப் பேட்டரி தானாகவே வெடிக்குமா?

தானாக வெடிப்பது அபூர்வம். உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்தால் மீதிக் கேள்விகளுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். பூச்சுப் பூசிய செம்புத் தகடு ஒன்று, அலுமினியத் தகடு ஒன்று, இரண்டுக்கும் நடுவே காகிதத்தைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம். எல்லாவற்றையும் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, எளிதில் தீப்பற்றும் திரவத்தில் நனைத்து, ஒரு உலோகக் குப்பிக்குள் அடைத்திருக்கிறார்கள். அந்தப் படலம் கிழிந்தாலோ உருகினாலோ இரண்டு தகடும் ஒன்றையொன்று தொடும். சுமார் 130 டிகிரி செல்சியஸில் படலம் உருகத் தொடங்கும். அதற்குப் பிறகு சூடே சூட்டை வளர்க்கும், நடுவில் நிறுத்த வழி கிடையாது.

அந்த நிலைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் நாம்தான். வெளியே ஷார்ட் ஆக விடுவது, அளவுக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது, அடியோடு வடியவிட்டு மறுபடி ஏற்றுவது, தாங்காத அளவு மின்சாரத்தை உறிஞ்சுவது, கீழே போட்டு நசுக்குவது.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2016 வரை அங்கே நடந்த 195 தீ, வெடிப்புச் சம்பவங்களை அதில் பிரித்துப் போட்டிருந்தார்கள். பாக்கெட்டில் இருக்கும்போது நடந்தவை 61. பிடித்துக்கொண்டிருக்கும்போது 60. சார்ஜ் ஏறும்போது 48. என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் சார்ஜரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பாக்கெட்டைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

பாக்கெட்டில் போட்டால் என்ன ஆகும்? சும்மாதானே கிடக்கிறது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை, எனக்குத் தெரிந்த ஒரு தம்பி நொண்டிக்கொண்டே கடைக்கு வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் அவனுடைய பேட்டரி, 18650 வகை. விரல் நீளம், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரம், கடைசிப் பூஜ்யம் உருளை வடிவத்துக்கு. பேரே அளவுதான். முந்தின நாள் சித்தப்பாவின் பாக்கியில் (பின்னால் திறந்த பிக்கப் வண்டி) முன் சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறான். ஜீன்ஸின் வலது பாக்கெட்டில் உபரி பேட்டரி, வீட்டுச் சாவிக்கொத்து, ஐந்து ரேண்ட் நாணயம் இரண்டு மூன்று. முதலில் தொடை சுடுகிற மாதிரி இருந்ததாம், வெயில் என்று நினைத்திருக்கிறான். அடுத்த நொடி 'புஸ்' என்று பட்டாசு நமுத்த சத்தம். வண்டியை நிறுத்தி, நடுரோட்டில் ஜீன்ஸைக் கழற்றி வீசியிருக்கிறான். உள்ளங்கை அளவுக்குத் தொடையில் தோல் போய்விட்டது.

அந்தப் பேட்டரியைக் கவுன்டர் விளக்கடியில் வைத்துப் பார்த்தோம். உறை சுருங்கி, கருகி, குப்பியோடு ஒட்டிப்போயிருந்தது. மேல்பக்கத்துத் துளைகள் வழியாக உள்ளே இருந்தது கரிக்குழம்பாக வெளியே வந்து உறைந்திருந்தது. சாவிக்கொத்தில் ஒரு சாவியின் நுனியில் மட்டும், வெல்டிங் பட்ட மாதிரி, நீலம் பாரித்த ஒரு புள்ளி. அதுதான் குற்றவாளி.

பேட்டரியின் அடிப்பாகம் மட்டும்தான் மைனஸ் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. முழு உலோக உடம்புமே மைனஸ். மேலே நடுவில் உள்ள குமிழ் மட்டும்தான் பிளஸ். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய வெள்ளை வளையமும், மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையும்தான். உறை விளிம்பில் நகம் அளவு கிழிந்திருந்தால் போதும், சாவி நுனி குமிழையும் விளிம்பையும் ஒரே நேரத்தில் தொடும். நல்ல பேட்டரி அப்போது நூறு ஆம்பியர் பக்கம்கூடத் தள்ளும். தள்ளுகிற பேட்டரியே கொதிக்கும்.

உபரி பேட்டரிக்குப் பிளாஸ்டிக் டப்பா விற்கிறார்கள், இரண்டு பேட்டரி போடுகிற அளவில். விலை, ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தருகிற ஒரு பன்னி சௌவை விடக் குறைவு. வாங்குங்கள். கல்யாண வீட்டில் வேட்டி மடிப்பில் செருகுகிறவர்களுக்கும் இதேதான், பக்கத்தில் கார் சாவி தொங்குகிறதா என்று பாருங்கள்.

பேட்டரி உள்ளேயே இருக்கிற பாட் வகை வேப்புக்கு இந்தச் சாவிப் பயம் குறைவு. அதற்கு வேறு கோளாறு: பாக்கெட்டில் பொத்தான் அமுங்கி, திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளான 'காயில்' எரிந்துகொண்டே இருக்கும். பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் அணைகிற வசதி பெரும்பாலானவற்றில் உண்டு. அணைத்துவிட்டுப் போடுங்கள்.

உறை கொஞ்சம்தான் கிழிந்திருக்கிறது. டேப் ஒட்டினால் போதாதா?

போதாது. டேப் சூட்டில் இளகி நகரும், வேப்புக்குள் நுழைக்கும்போது சுருண்டுகொள்ளும். புது உறை போட வேண்டும், ஐந்து நிமிஷ வேலை. ஆனால் குப்பியில் பள்ளம் விழுந்திருந்தால், துரு இருந்தால், எண்ணெய் கசிந்த மாதிரி இனிப்பு வாசனை வந்தால் உறை மாற்றியும் பயனில்லை. தூக்கிப் போட வேண்டியதுதான்.

போன் சார்ஜரில் வேப்பைச் சார்ஜ் போடலாமா?

5 வோல்ட், 1 ஆம்பியர் என்று அச்சடித்த பழைய சாதாரண சார்ஜர் வீட்டில் இருந்தால் அதுதான் நல்லது. வேகமாக ஏற்றுகிற புதுச் சார்ஜர்கள் முதலில் கருவியோடு பேசி, அது கேட்டால்தான் 9 வோல்ட், 12 வோல்ட் என்று ஏற்றிக் கொடுக்கும். கேட்காவிட்டால் 5-லேயே நிற்கும். அதனால் நல்ல கம்பெனிச் சார்ஜர் வேப்பைக் கொன்றுவிடாது. மலிவுச் சார்ஜர் கேட்காமலேயே தள்ளும், மலிவு வேப்போ தடுக்கத் தெரியாமல் வாங்கிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் வம்பு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு முனையும் டைப் சி ஆக இருக்கிற கேபிளில் சில வேப்கள் சார்ஜே ஏறாது. "கேபிள் போச்சு" என்று கொண்டுவருவார்கள். கேபிள் நன்றாகத்தான் இருக்கும். சார்ஜருக்கு 'நான் இருக்கிறேன்' என்று சொல்ல உள்ளே இரண்டு சின்ன ரெசிஸ்டர் வைக்க வேண்டும், சில காசு மிச்சம் பிடிக்க அதை வைக்காமல் விட்டிருப்பார்கள். பழைய அகல முனை கேபிளில் போட்டால் ஏறும். ஆனால் இதிலேயே மிச்சம் பிடித்தவன் வேறு எங்கெல்லாம் பிடித்திருப்பான் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பேனா மாதிரியான பழைய வகையில், திருகி மாட்டுகிற சின்ன யூ.எஸ்.பி சார்ஜர் வரும். அதை மட்டும் கடன் வாங்காதீர்கள். திருகு எல்லாவற்றிலும் ஒன்றுதான், உள்ளே வேலை வேறு. சில சார்ஜர் தானே 4.2 வோல்ட்டில் நிறுத்தும், சில அந்தப் பொறுப்பைப் பேட்டரியிடம் விட்டுவிடும். மாறிப்போனால் நிறுத்துகிற ஆளே இல்லை.

பேட்டரியைக் கழற்றிப் போடுகிற வகையாக இருந்தால், தனிச் சார்ஜர் வாங்குங்கள். ஒவ்வொரு குழியும் தனித்தனியாக வேலை செய்வதாகப் பார்த்து எடுங்கள். 1 ஆம்பியர் போதும், 2500 எம்ஏஹெச் கொள்ளளவுள்ள பேட்டரி சுமார் மூன்று மணி நேரத்தில் நிறையும்.

ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கலாமா?

வேண்டாம். நிறைந்ததும் நிறுத்துகிற சர்க்யூட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அது பழுதானால் பார்க்க ஆள் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். மெத்தை, சோபா, தலையணை அடி வேண்டவே வேண்டாம். ஓடு போட்ட தரை, சமையலறைக் கல் மேடை, பீங்கான் தட்டு நல்லது. வாசல் வழியிலும் வைக்காதீர்கள், தீப்பிடித்தால் நீங்கள் வெளியே ஓடும் வழி அது.

லோட் ஷெடிங் நேரத்தில் சார்ஜில் இருந்தால்?

முறை வைத்துக் கரண்டை நிறுத்துகிற இந்த லோட் ஷெடிங், 2023-இல் ஆறாம் கட்டம் (கட்டம் ஏற ஏற வெட்டும் அதிகம்) வரை போய் நம்மைப் படுத்தியெடுத்த பிறகு, 2024 மார்ச் கடைசியிலிருந்து நீண்ட இடைவெளி கிடைத்தது. பிளக்கைப் பிடுங்குகிற பழக்கம் மட்டும் நீடிக்கட்டும். மின்சாரம் போவதில் ஆபத்தில்லை, திரும்புவதில்தான். ஏரியா முழுக்க ஒரே நேரத்தில் உயிர்பெறும்போது மின்னழுத்தம் தாவும். வழக்கமான 230 வோல்ட்டில் தள்ளாடிக்கொண்டிருக்கும் மலிவுச் சார்ஜர் அந்தத் தாவலில் பழுதாகும். என் கடையில் பிரித்துப் பார்த்த பல சார்ஜர்களில் வீங்கிய கெப்பாசிட்டரைக் கண்டிருக்கிறேன். கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், வந்து பத்து நிமிஷம் கழித்து மாட்டுங்கள்.

இன்வெர்ட்டரிலோ பவர் பேங்கிலோ போடுவது பரவாயில்லை. பவர் பேங்க் ஒருவகையில் வீட்டு மின்சாரத்தைவிடச் சாந்தம்.

பிளக் பற்றியும் ஒன்று. இங்கே மூன்று தடித்த உருண்டைக் கால். நம் ஊர்க் கிரைண்டர், ஏசிக்கு வருகிற பெரிய பிளக் இங்கே நேராகப் பொருந்தும், சின்னப் பிளக் பொருந்தாது. அதனால் அடாப்டர், அதன் மேல் இன்னொரு அடாப்டர் என்று கோபுரம் கட்டுகிறார்கள். ஆடுகிற கோபுரத்தில் பொறி பறக்கும், பிளாஸ்டிக் இளகும். ஒரே அடாப்டர், ஆடாமல் நிற்கிறதாக இருக்கட்டும்.

சந்தையில் 9900 எம்ஏஹெச் பேட்டரி கிடைக்கிறது. வாங்கலாமா?

9900 கொள்ளளவில் 18650 பேட்டரி உலகத்திலேயே கிடையாது. இந்த அளவுக் குப்பியில் 4000 பக்கம்தான் உச்சம். வேப்புக்கு ஏற்ற, அதிக ஆம்பியர் தருகிற வகை 2500 முதல் 3000-க்குள் நிற்கும். கொள்ளளவும் வேகமும் ஒரே குப்பியில் இடத்துக்குச் சண்டை போடுகிறவை, ஒன்று கூடினால் மற்றது குறையும். 9900 என்று அச்சடித்ததைச் சோதனைக் கருவியில் போட்டேன், 1000-ஐத் தொடவில்லை. பழைய லேப்டாப்பிலிருந்து பிடுங்கிய செல்லுக்குப் பளபள உறை போட்டு விற்கிறார்கள். அதற்கு வேப் இழுக்கும் ஆம்பியர் தாங்காது.

வேப் திரவத்துக்கு 2023 ஜூன் 1 முதல் மில்லிலிட்டருக்கு 2.90 ரேண்ட் என்று அரசு வரி போட்டது. அதைச் சரிக்கட்டப் பேட்டரியில் மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

காயில் மாற்றினால் பேட்டரிக்கு என்ன?

பள்ளிக்கூடத்து ஓம் விதிதான். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். நிறைந்த பேட்டரி 4.2 வோல்ட். காயில் 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர், பிரச்சினை இல்லை. 0.15 ஓம் என்றால் 28 ஆம்பியர். உங்கள் பேட்டரி 20 ஆம்பியர் தாங்குவது என்றால் ஒவ்வொரு இழுப்பிலும் அதை அடிக்கிறீர்கள்.

உள்ளே சர்க்யூட்டே இல்லாத வெறும் குழாய் வகை இருக்கிறதே, மெக் மாட் என்பார்கள், அதற்கு இந்தக் கணக்கு உயிர்க்கணக்கு. ஷார்ட் ஆனால் தடுக்க எதுவும் கிடையாது. புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகள் அது அழகாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். நான் விற்பதில்லை.

சர்க்யூட் உள்ள வகையில் கணக்கு வேறு. வாட்டை, வடிந்த நிலை வோல்ட்டால் வகுக்க வேண்டும். 80 வாட்டை 3.2-ஆல் வகுத்தால் 25 ஆம்பியர், ஒரே பேட்டரிக்கு அதிகம். இரண்டு பேட்டரி போடுகிற வேப்பில் ஒன்றுக்கு 12.5.

இரண்டு பேட்டரி வேப்பில் ஒன்று மட்டும் புதிதாகப் போடலாமா?

கூடாது. கிழட்டுப் பேட்டரி முதலில் வடிந்து, புதியது அதைத் தலைகீழாகத் தள்ளும். ஒரே நாளில் வாங்கிய ஜோடி, கடைசி வரை ஜோடி. மார்க்கரில் எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முழுக்க வடியும் வரை பிடிப்பேன். தப்பா?

3.2 வோல்ட் பக்கம் வந்ததும் சார்ஜ் போடுவது நல்லது. 2.5-க்குக் கீழே போய் அப்படியே கிடந்து இன்னும் இறங்கினால் உள்ளே செம்பு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேறு இடத்தில் ஊசி ஊசியாகப் படிந்து ஷார்ட் பண்ணும். மேஜை டிராயரில் ஆறு மாசம் மறந்துபோன பேட்டரியை "ஏத்திப் பாருங்கண்ணே" என்று கொண்டுவருவார்கள். மீட்டரில் 2-க்குக் கீழே காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

காரில் விட்டுப் போகலாமா?

டர்பன் ஜனவரி வெயிலில் மூடிய காருக்குள் ஐம்பதைத் தாண்டும், டேஷ்போர்டு மேல் இன்னும் அதிகம். வேண்டாம். ஜோஹன்னஸ்பர்க் சொந்தக்காரர்களுக்கு எதிர்த்திசைக் கவலை: ஜூலை விடியலில் சில நாள் பூஜ்யத்துக்குக் கீழே போகிறதல்லவா, வெளியே கிடந்த பேட்டரியை அந்தக் குளிரோடு சார்ஜ் போடக்கூடாது. அறைச் சூட்டுக்கு வரட்டும்.

தண்ணீரில் விழுந்துவிட்டது. அரிசியில் போட்டு வைத்திருக்கிறேன்.

அரிசியைச் சமைத்துச் சாப்பிடுங்கள். தண்ணீர் காய்ந்தாலும் உப்பும் அழுக்கும் சர்க்யூட்டில் நிற்கும், கடல் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சேறு குடித்த போனும் வேப்பும் கூடை கூடையாக வந்தன. மூன்று வாரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு சூடேறியவை அதில் உண்டு. நனைந்ததைச் சார்ஜில் மாட்டாதீர்கள்.

டிஸ்போசபிளை (தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற வேப்) ஒயர் வைத்துச் சார்ஜ் ஏற்றுகிற வீடியோ பார்த்தேன்...

அதில் சார்ஜ் வாய் இல்லையென்றால், நிறைந்ததும் நிறுத்துகிற சர்க்யூட்டும் பொதுவாக உள்ளே இருக்காது. பலவற்றில் உறுதியான குப்பியும் இருக்காது. சாமான் வீணாகிறது என்ற உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. அதற்கு வழி, திரும்பச் சார்ஜ் போடுகிற வகையை வாங்குவது.

சூடாகிப் புகை வருகிறது. என்ன செய்ய?

கையில் பிடிக்க முடியாத சூடு, வீக்கம், சீறுகிற சத்தம், இனிப்போ காரமோ கலந்த ரசாயன வாசனை: இதில் எது வந்தாலும் பேட்டரியை மறந்துவிட்டு ஆளைப் பாருங்கள். சார்ஜில் இருந்தால், தொடாமல் முடிகிறதென்றால், சுவர் ஸ்விட்சை அணையுங்கள். எல்லாரும் வெளியே. அந்தப் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. வீட்டில் ஆயா, தாத்தா, குழந்தை இருந்தால் அவர்கள் முதலில். தீ பரவினால் 10177, செல்போனிலிருந்து 112.

இந்த வகைப் பேட்டரியில் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்பார்கள். ஊற்றலாம், நிறைய. ஒரு வாளி எட்டத்திலிருந்து ஊற்றுகிற நிலையில் இருந்தால் மட்டும். போர்வை போட்டு மூடினால் உள்ளே சூடு நிற்கும். அணைந்த மாதிரி இருந்து அரைமணி நேரம் கழித்து மறுபடி பிடிப்பதும் உண்டு. அதனால் வீட்டுக்குள் திரும்ப எடுத்து வராதீர்கள்.

சுட்டுக்கொண்டால், ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிஷம். ஐஸ் வேண்டாம். பற்பசை, மஞ்சள், வெண்ணெய் வேண்டாம், பெரியம்மா சொன்னாலும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் 'பேட்டரி வெடித்துச் சுட்டது' என்று தெளிவாகச் சொல்லுங்கள். ரசாயனக் காயமும் கலந்திருக்கும், அதற்கு வைத்தியம் வேறு. மேலே சொன்ன தம்பி முதலில் 'சூடு பட்டது' என்று மட்டும் சொல்லியிருக்கிறான். முதல் நாள் வெறும் களிம்பு போட்டு அனுப்பிவிட்டார்கள்.

சென்னைக்கு விமானத்தில் எடுத்துப் போகலாமா?

விமானம் அனுமதிக்கும், இந்தியா அனுமதிக்காது. வேப்பும் உபரி பேட்டரியும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. பேட்டரிக்கு 100 வாட் மணி வரை தனி அனுமதி தேவையில்லை. ஒரு 3000 எம்ஏஹெச் செல் 10.8 வாட் மணிதான். விமானத்துக்குள் சார்ஜ் போடக் கூடாது, பிடிக்கவும் கூடாது.

ஆனால் இந்தியா 2019-இலேயே மின்சிகரெட் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி எல்லாவற்றையும் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. முதல் தடவை குற்றத்துக்கு ஒரு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீனாட்சியம்மன் கோயிலுக்கும் குலதெய்வத்துக்கும் என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் சாமானை வீட்டிலேயே பாதிச் சார்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். வழியில் சிங்கப்பூர் இறங்குகிறவர்களுக்கும் இதேதான், அங்கே 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம்.

செத்த பேட்டரியை எங்கே போடுவது?

குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரி நசுக்கும்போது பற்றிக்கொள்ளும். இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, பேட்டரி சேகரிக்கும் பெட்டி வைத்திருக்கிற சூப்பர்மார்க்கெட்டில் போடுங்கள், அல்லது என்னிடம் கொடுங்கள். கடைக்குப் பின்னால் மணல் வாளி இருக்கிறது.

உறை மாற்ற எவ்வளவு?

வளையத்தோடு சேர்த்து 20 ரேண்ட், காத்திருந்து வாங்கிப் போகலாம். கொண்டுவரும்போது டப்பா இல்லையென்றால் குமிழ் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, சாவி இல்லாத பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். போன வாரம் ஒருவர் கிழிந்த உறையோடு நான்கு பேட்டரியைச் சட்டைப் பையில் சில்லறையோடு போட்டுக்கொண்டு வந்து, "ஆபத்தா இருக்குமோன்னு மாத்த வந்தேன்" என்றார்.